கியோமார் போட மறுத்த கோடு

கேளுங்கள் பிள்ளைகளே! ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால், ஐரோப்பாவின் மேற்குக் கரையில் வல்மாரா என்றொரு சின்ன ராஜ்யம் இருந்தது. பூமி எவ்வளவு பெரியது என்று அங்கே அன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. மிளகும் கிராம்பும் விளையும் நாடுகளுக்குப் புது வழி தேடி அரசர்கள் போட்டி போட்டுக்கொண்டு கப்பல் அனுப்பினார்கள்.

கரையிலோ ஒரே குழப்பம். வல்மாராவில் ஒரே ஆண்டில் மூன்று பேர் ஆண்டார்கள். முதலில் கிழ அரசர். அவர் இறந்ததும் அவருடைய தம்பி. தம்பியை விரட்டிவிட்டுப் படைத்தலைவன் பெர்மூடோ.

அந்த ஊரில் கியோமார் என்ற பெண் கடல் வரைபடங்கள் வரைந்துவந்தாள். கப்பல் வந்தால் துறைமுகத்துக்கு ஓடுவாள். "நீயே பார்த்தாயா, யாராவது சொல்லக் கேட்டாயா?" என்று மாலுமிகளைத் துருவித் துருவிக் கேட்பாள். கண்டவர் சொன்னதை வரைவாள். யாரும் காணாத இடத்தை வெறுமையாக விட்டுவிடுவாள்.

கிழ அரசர் ஆள் அனுப்பினார். "தெற்குத் தீவுகளெல்லாம் அரசருடையவை என்று எழுதச் சொன்னார்" என்றான் வந்தவன்.

"அங்கே ஏற்கனவே மனிதர்கள் குடியிருக்கிறார்களே" என்றாள். எழுதவில்லை.

அடுத்து ஆண்ட அவருடைய தம்பியும் ஆள் அனுப்பினார். "நம் ராஜ்யத்தைப் பக்கத்து நாட்டைவிடப் பெரிதாக வரையச் சொன்னார்" என்றான் அந்த ஆள்.

"நான் வரைந்தால் நிலம் வளருமா?" என்றாள். வரையவில்லை.

பெர்மூடோ ஆள் அனுப்பவில்லை, தானே வந்தான். மேற்கே கிடக்கும் பெருநிலத்தின் நடுவே ஒரு நீர்வழி உண்டு, அதில் போனால் மூன்றே மாதத்தில் மிளகு நாடு என்று அவன் ஊராருக்குச் சொல்லியிருந்தான். அந்தப் பேச்சை நம்பித்தான் ஊர் அவனை அரியணையில் விட்டுவைத்திருந்தது.

"அந்த நீர்வழியை வரை."

"அதைப் பார்த்தவர் யார், மன்னா?"

"நான் சொல்கிறேன், போதாதா?"

"நீங்களும் பார்க்கவில்லையே!"

பெர்மூடோவின் முகம் சிவந்தது. "நாளைவரை நேரம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சேதி கேட்டு அவள் தம்பி லோப்போ ஓடி வந்தான். அந்த நீர்வழியைத் தேடிப் புறப்படவிருந்த மூன்று கப்பல்களில் ஒன்றுக்கு அவன்தான் தலைவன். "அக்கா, உன்னைச் சிறையில் போட்டுவிடுவார்கள். ஒரு கோடுதானே, போட்டுவிடேன்!"

"அந்தக் கோட்டை நம்பிப் போகப்போவது நூற்றெண்பது பேர், தம்பி. அதில் நீயும் ஒருவன்."

லோப்போ மெல்லக் கேட்டான், "அப்படியானால் அங்கே என்னதான் இருக்கிறது?"

"எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. வழி இல்லாவிட்டால் திரும்பி வர வேண்டுமே! அதற்கும் சேர்த்துத் தண்ணீர் ஏற்றிக்கொள்."

மறுநாள் கியோமாரைச் சிறையில் அடைத்தார்கள். வேறொருவன் நீல மையால் அழகாக ஒரு நீர்வழி வரைந்து கொடுத்தான். இரண்டு கப்பல்களில் விற்பதற்குப் பட்டும் கண்ணாடியும் நிறைந்தன. லோப்போவின் கப்பலில் தண்ணீர்ப் பீப்பாய்கள் நிறைந்தன. "கடலில் குளியல் தொட்டி கட்டப் போகிறாயோ?" என்று மற்ற தலைவர்கள் சிரித்தார்கள்.

படம் காட்டிய இடத்தை அடைந்தார்கள். அங்கே செங்குத்தான பாறைச்சுவர் நின்றது. வடக்கே தேடினார்கள், தெற்கே தேடினார்கள். நீர்வழியும் இல்லை, குடிக்க ஓர் ஓடையும் இல்லை. இரண்டு கப்பல்களில் பீப்பாய்கள் வற்றின. உதடுகள் வெடித்தன. அப்போது லோப்போ தன் தண்ணீரை மூன்று கப்பல்களுக்கும் சமமாகப் பங்கிட்டான். ஆளுக்கொரு கோப்பை, நாளுக்கு இரு வேளை. அப்படியே நூற்றெண்பது பேரும் எட்டாம் மாதம் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. சிரித்த தலைவர்கள் முன்னால் நடக்க, நேரே சிறை வாசலுக்குப் போய் நின்றார்கள். கூட்டத்தைக் கண்ட பெர்மூடோ தானே வந்து கதவைத் திறந்தான்.

"இத்தனை மாதம் தனியே கிடந்தாயே, உனக்குப் பயமாக இல்லையா?" என்று கேட்டான்.

"பயமாகத்தான் இருந்தது, மன்னா. ஆனால் இல்லாத வழியை வரைந்திருந்தால், இன்று இவர்களுடைய பெண்டு பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?"

பெர்மூடோ தலைகுனிந்தான். லோப்போ அக்காவின் கையைப் பற்றி வெயிலுக்கு அழைத்து வந்தான். நூற்றெண்பது பேரும் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வழிவிட்டார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று துணிந்து சொல்பவரே, பிள்ளைகளே, பிறர் நம்பி நடக்கத் தக்கவர்.