காலடியில் கயிறு

"கயிறைக் காலால மிதிச்சுக்கிட்டு நிக்கும்போது, கீழ இருக்கிறவன் இழுத்தா தெரியுமா?"

வந்தவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். பெயரைக்கூடப் பிறகுதான் சொன்னார். கஸ்பார். தூத்துக்குடி. வள்ளம் ஓட்டுகிறவர். ஐம்பத்தொரு வயது.

கேட்கப்பட்டவள் நம்புராணி. முப்பத்துநான்கு வயது. பாம்பன் கரையில் மூச்சடக்கி முங்கக் கற்றுக்கொடுக்கிறாள். பாசி எடுக்கப் போகும் பெண்களும், மதுரையிலிருந்து ஆசைக்கு வரும் ஆட்களும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் முங்கும்போது மாட்டும் கண்ணாடி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"செருப்புப் போட்டிருந்தீங்களா?"

கஸ்பார் திடுக்கிட்டார். "நான்னு சொல்லலையே."

"செருப்பா, வெறுங்காலா?"

"ரப்பர் செருப்பு."

அவள் எழுந்து அவரைத் தன் படகுக்குக் கூட்டிப்போனாள். செருப்போடு பலகையில் நிற்கச் சொன்னாள். கயிற்றை அவர் காலடியில் போட்டாள். கண்ணாடியை மாட்டி, மறு முனையை எடுத்துக்கொண்டு குதித்தாள்.

ஒரு நிமிடம் கழித்து மேலே வந்தாள்.

"எத்தனை தடவை இழுத்தேன்?"

"ரெண்டு."

"மூணு."

கஸ்பார் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ எனக்குத் தெரியாமப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"அவன் இழுக்காமலும் இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"இதைக் கேக்கத்தான் அஞ்சு மணி நேரம் பஸ்ல வந்தேனா?"

அவள் படகைப் பிடித்தபடி தண்ணீரில் மிதந்தாள். அவர் பேசட்டும் என்று விட்டுவிட்டது போல இருந்தது.

அவர் பேசினார்.

தம்பி பெயர் மெல்கியோர். சங்கு குளிக்கிறவன். வாயில் குழாய் கிடையாது, முதுகில் சிலிண்டர் கிடையாது. நெஞ்சுக் காற்றோடு போய்ச் சங்கோடு வருவான். இடுப்பில் கயிறு. கயிற்றின் இந்த முனை எப்போதும் அண்ணன் கையில். ஏதாவது ஆனால் ஓர் இழுப்பு. அண்ணன் தூக்கிவிடுவான். பதினாறு வருடம் அப்படித்தான்.

அன்றைக்கு என்ஜின் மக்கர் செய்தது. கஸ்பார் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் கிரீஸ். கயிற்றைக் காலுக்கடியில் போட்டிருந்தார். துடைத்து, மாட்டி, திருகி முடித்தபோதுதான் நேரமாகிவிட்டது உறைத்தது.

"இழுத்தேன். வந்தான்."

வந்தது உடல்தான்.

"கேட்டவங்ககிட்ட எல்லாம் கயிறு கையில இருந்துச்சுன்னுதான் சொன்னேன். போலீசுகிட்ட, சர்ச் சாமியார்கிட்ட, அவன் பொண்டாட்டிகிட்ட. அவ ஒரு வார்த்தை என்னைக் கேக்கல. ஞாயிற்றுக்கிழமை ஆனா கறிக்குழம்பு கொடுத்துவிடுறா. ரெண்டு வருஷமா நான் அதைத் தொட்டதில்ல. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துருவேன்." கையைத் துடைத்துக்கொண்டார், கையில் ஒன்றுமில்லாவிட்டாலும். "அவன் இழுத்தானா, இல்லையா? அது ஒண்ணுதான் டீச்சர் எனக்கு வேணும்."

"கயிறோட இந்த முனையில நின்னு கேக்குறீங்க," என்றாள் நம்புராணி. "இந்த முனைக்குத் தெரியாது."

தண்ணீரைப் பார்த்து முகவாயை நீட்டினாள்.

"அந்த முனையில இருந்தவன் செத்துப்போயிட்டான்," என்றார் கஸ்பார்.

அவள் கண்ணாடியைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

•

முதல் சனிக்கிழமை அவரைக் கடலுக்கே கூட்டிப்போகவில்லை. ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி முன்னால் வைத்தாள்.

"மூஞ்சியை முக்குங்க."

"கடல்ல பொறந்தவன்மா நான்."

"கடல் மேல பொறந்தவர். முக்குங்க."

அவர் முகத்தை முக்கினார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் விரலையே எடுத்து நாடியில் வைத்தாள். தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல அடங்கி, நடக்கத் தொடங்கியிருந்தது.

"யாரு சொல்லி அடங்குது?" என்று கேட்டார் தலையைத் தூக்கி.

"யாரும் சொல்லல. தண்ணி மூஞ்சியில பட்டா உடம்புக்கே தெரியும். காத்தை மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சுரும்."

இரண்டாவது வாரம் காது. மூக்கைப் பொத்திக் காற்றைக் காதுக்குத் தள்ளச் சொன்னாள். ஒரு பாகம், அதாவது ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம், இறங்குவதற்குள் கஸ்பாருக்குக் காது வெடிப்பது போல வலித்தது. அதனால்தான் இளவயதில் அவர் முங்காமல் வள்ளத்தோடு நின்றுவிட்டார்.

"வலிச்சதும் நின்னுருங்க. முட்டிக்கிட்டு இறங்குறவனுக்குச் செவிப்பறை கிழியும். கிழிஞ்சா தலை சுத்தும். மேல எது, கீழ எதுன்னே தெரியாது."

நான்கு வாரத்தில் மூன்று பாகம் இறங்கினார்.

அடுத்த வாரம் அவள் ஒரு காலித் தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கி அவரிடம் கொடுத்தாள். அதையும் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னாள். ஐந்தாவது பாகத்தில் பாட்டில் அவர் கைக்குள்ளேயே நொறுங்கி ஒடுங்கியது. மேலே வந்தபோது பழையபடி உப்பிவிட்டது.

"உங்க நெஞ்சும் இதுதான்," என்றாள். "கீழ கடல் உங்களைப் பிழியும். பிழியுறதால இருக்கிற கொஞ்சக் காத்தும் ரத்தத்துக்குப் போகும். நிறைய இருக்கிற மாதிரித் தோணும். மேல வரும்போது பிழிஞ்ச கையைக் கடல் எடுத்துரும். அப்பத்தான் ஒண்ணுமில்லன்னு ஆகும்."

"அப்போ ஆபத்து அடியில இல்லையா?"

"கடைசி ரெண்டு பாகத்துல."

கஸ்பார் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்கியோரைத் தூக்கியபோது கயிறு நிறைய வந்ததா, கொஞ்சம் வந்ததா என்று யோசித்தார். தம்பி அடியில் இருந்தானா, பாதி வழி ஏறியிருந்தானா என்று அது சொல்லியிருக்கும். ஞாபகம் வரவில்லை.

ஆறாவது பாகத்தில் அவருக்கு வயிறு துள்ளியது. விலா எலும்புக்குக் கீழே யாரோ உள்ளிருந்து உதைப்பது போல. பயந்து மேலே ஓடிவந்தார்.

"செத்துட்டேன்னு நெனச்சேன்."

"அது காவல் நாய்ண்ணே. காத்து தீர்ந்துபோனதால குரைக்கல. கழிவுக் காத்து சேர்ந்துருச்சுன்னு குரைக்குது. குரைச்சதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் இருக்கும். திரும்பி வந்துரலாம்."

"தம்பிக்கு நாயே கிடையாது," என்றார் கஸ்பார். பெருமையாகத்தான் சொன்னார். "இறங்குறதுக்கு முன்னால பன்னண்டு தடவை மூச்சு வாங்குவான். கொல்லன் துருத்தி மாதிரி. அப்புறம் பாத்தா, கீழ ராஜா மாதிரி உலாத்துவானாம்."

நம்புராணியின் முகம் மாறியது.

"நீங்க அப்படி வாங்கக் கூடாது."

"ஏன்?"

"நாய் தூங்கிரும். குரைக்காது."

"தூங்கட்டுமே. நல்லதுதானே?"

"வாங்கக் கூடாது," என்றாள் மறுபடியும்.

முங்கும்போதெல்லாம் அவர் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறு முனையைப் பிடித்துக்கொண்டு நம்புராணி மேலே மிதப்பாள். எது நடந்தாலும் ஓர் இழுப்பு. அதுதான் முதல் சட்டம். ஆனாலும் அவள் முகம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். அவர் திரும்பி வரும்போது மூன்று பாகம் இறங்கி எதிரே வந்து, கண்ணுக்குக் கண் பார்த்தபடியே கூட ஏறுவாள்.

"கயிறுதான் கையில இருக்கே. எதுக்கு மெனக்கெட்டு இறங்குறீங்க?"

கேட்டால், அவள் முகத்தை மறுபடி தண்ணீருக்குள் வைத்துக்கொள்வாள்.

•

பத்தாவது சனிக்கிழமை கடல் கண்ணாடியாகக் கிடந்தது. எட்டுப் பாகத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கல்லில் கட்டிப் போட்டிருந்தார்கள். தம்பி அன்றைக்குச் சங்கு எடுக்க இறங்கிய ஆழம் அது. கஸ்பார் காலையிலிருந்து மூன்று முறை போய், மூன்று முறையும் ஆறாம் பாகத்தில் வயிறு துள்ளித் திரும்பி வந்தார்.

"போதும்ண்ணே. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"ஒரே ஒரு தடவை."

"அஞ்சு நிமிஷம் சும்மா மிதங்க. அப்புறம் பாக்கலாம்."

அவள் அந்தப் பக்கம் திரும்பி, படகில் சிக்கியிருந்த அவருடைய கயிற்றை எடுத்துவிடப் போனாள்.

கஸ்பார் படகின் மறுபக்கம் மிதந்தார். ஒன்று, இரண்டு என்று இழுத்தார். துருத்தி மாதிரி. விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியது. தலை லேசானது. பன்னிரண்டு.

"போறேன் டீச்சர்," என்று சொல்லிவிட்டு, அவள் என்ன சொன்னாள் என்று கேட்காமல் இறங்கினார்.

இப்படி ஓர் இறக்கத்தை அவர் கண்டதில்லை. ஆறு பாகம் தாண்டியது தெரியவில்லை. வயிறு துள்ளவில்லை. அதற்குமேல் கை வீச வேண்டியிருக்கவில்லை, கடலே அவரை வாங்கிக்கொண்டது. சிவப்புத் துணியைத் தொட்டார். பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். ஒரு சின்ன மீன் வந்து அவர் முழங்காலைப் பார்த்துவிட்டுப் போனது. அவசரமே இல்லை. இன்னும் கொஞ்சம் இருக்கலாம் போலிருந்தது. இருந்தார்.

பிறகு புறப்பட்டார். தண்ணீர் கறுநீலத்திலிருந்து பச்சையாக வெளுத்துக்கொண்டே வந்தது. மேலே வெயில் ஆடியது. வெயிலுக்குள்ளிருந்து நம்புராணி வேகமாக இறங்கி வருவதைப் பார்த்தார். ஏன் இவ்வளவு வேகம் என்று நினைத்தார். அவளுக்குச் சிரித்துக் காட்டலாம் என்று

யாரோ கன்னத்தில் அறைந்தார்கள்.

"மூச்சு விடுங்க! கஸ்பாரண்ணே! மூச்சு இழுங்க!"

முகத்தில் காற்று அடித்தது. அவள் ஊதிக்கொண்டிருந்தாள். மறுபடி அறைந்தாள். கஸ்பாருக்குக் கோபம் வந்தது. நன்றாக வந்துகொண்டிருக்கிற மனிதரை நடுவழியில் நிறுத்தி அடிப்பார்களா? அதைச் சொல்ல வாயைத் திறந்தார். காற்று ஓசையோடு உள்ளே போனது. இருமினார்.

"எதுக்கு அடிக்கீங்க?" என்றார். "நான் இன்னும் மேலயே வரலையே."

"மேலதான் இருக்கீங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். வானம் இருந்தது. படகு இருந்தது. அவருடைய கண்ணாடி அவள் கையில் இருந்தது. எப்போது கழற்றினாள்?

நம்புராணி அவர் தாடையை ஒரு கையால் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. பயம் அவளுக்கு இப்போதுதான் கோபமாக மாறிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பாகத்துல உங்க கண்ணு திறந்தே இருக்கு, ஆளு இல்ல. கீழ திரும்பப் போக ஆரம்பிச்சுட்டீங்க. துருத்தி ஊதுனீங்களா?"

"ஊதுனேன்."

"எத்தனை?"

"பன்னண்டு."

"சொன்னேனா இல்லையா?" கத்தினாள். "இடுப்புல கயிறு இருக்குல்ல? மறு முனை என் கையிலதானே இருந்துச்சு? முதல் நாளே சொன்னேன்ல, எது ஆனாலும் ஒரு இழுப்புன்னு? ஏண்ணே இழுக்கல?"

கஸ்பாருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

"எதுக்கு இழுக்கணும்?" என்றார். "நல்லாத்தானே வந்துக்கிட்டு இருந்தேன்?"

சொன்ன வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டார்.

நம்புராணி திட்டுவதை நிறுத்திவிட்டாள். அவர் தாடையிலிருந்து கையை எடுத்து, அவரைப் படகின் விளிம்பைப் பிடிக்க வைத்தாள். தானும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

பிறகு கஸ்பாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினாள். அழுதுகொண்டுதான் இருந்தார். ஆனால் முகம், சுமையை இப்போதுதான் இறக்கி வைத்து நிமிர்ந்தவனுடைய முகமாக இருந்தது.

"இனிமே உங்களுக்கு நான் சொல்லித்தர மாட்டேன்," என்றாள். குரலில் சூடு இல்லை. "வேற ஆளைப் பாத்துக்கங்க."

"வேண்டாம் டீச்சர்."

"அடுத்த சனிக்கிழமை வந்து நின்னீங்கன்னா..."

"வர மாட்டேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஞாயிறு. அவ குழம்பு கொடுத்துவிடுறதுக்கு முன்னால நானே போய் உக்காரணும். கயிறு கையில இல்ல, காலுல இருந்துச்சுன்னு சொல்லணும்."

"சொன்னா?"

"திட்டட்டும். திட்டுனா வாங்கிக்கிடுதேன்."

அவர் படகின் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். மரத்தைப் பார்த்தே சொன்னார்.

"அவன் என்னைக் கூப்பிடல, டீச்சர். கூப்பிடவே இல்ல."