உலகநாதன் போட்ட வடிகட்டி

உலகநாதன் மூச்சிரைக்க மடத்துக்குள் ஓடிவந்தார். அறுபது வயதில் ஓடாதீர்கள் என்று டாக்டர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று.

"அம்மா, சாதிச்சுட்டேனுங்க! மூணு நாளா போன்ல ஒரு வேண்டாத மெசேஜ் இல்லை!"

பாசிப்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த குரு எழிலம்மை நிமிர்ந்தார். சீடரைவிடப் பதினைந்து வயது சிறியவர்.

"எப்படிங்க ஐயா?"

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மனிதரிடம் இதைக் கேட்கலாமா? மடை திறந்துவிட்டது.

லோன், மனை, பரிசு என்று நாளுக்கு நூறு மெசேஜ். அந்தச் சந்தைக்கடையில் மகள் குயிலியின் ஒரு வார்த்தை அமுங்கிவிட்டால்? தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகளோடு அவர் பேசி இரண்டு வருஷமாகிறது. ஏக்கம் தாங்கவில்லை, தானே கூப்பிட வீம்பும் விடவில்லை. அதனால் போனில் வடிகட்டி போட்டார். தெரியாத நம்பரிலிருந்து 'உடனே', 'கடைசி', 'பரிசு' என்று வந்தால் சத்தமில்லாமல் குப்பைக்குப் போய்விடும்.

"மனசுக்கும் இப்படி ஒண்ணு மாட்டணுங்க. வழி சொல்லுங்க!"

"குப்பையைப் பாத்தீங்களா?"

"குப்பையை யாருங்க பாப்பாங்க?" என்று சிரித்தார்.

எழிலம்மை கல் கிடந்த தட்டை அவர் பக்கம் தள்ளினார். கல்லோடு கல்லாக நாலைந்து பருப்பு கிடந்தது.

உலகநாதனுக்குச் சிரிப்பு நின்றது. அவசரமாகப் போனைத் திறந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு மெசேஜ். விரல் பரபரத்தது.

"அம்மா! குயிலிங்க! புது நம்பர்!" நேற்று வந்தது. உரக்கப் படித்தார்: "அப்பா, நாங்க டெல்லிக்கே போறோம். நாளைக்குப் பதினோரு மணிக்கு ஈரோட்டுல ரயில். கடைசியா ஒரு தடவை பாக்கணும். உடனே வாங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதரை. பவானியிலிருந்து ஈரோடு அரைமணி நேரம்தான்.

"பிடிச்சிரலாமுங்க!" துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார். படியில் கால் நின்றுவிட்டது.

"அவ கட்டிக்கிட்டவனும் அங்க நிப்பானுங்களே…"

எழிலம்மை கல்லுக்குள் கிடந்த பருப்பைப் பொறுக்கி எடுத்தார்.

உலகநாதன் போனைப் பார்த்தார். "இந்தக் கருமம் பிடிச்ச வடிகட்டியை முதல்ல எடுத்துடறேனுங்க."

"போன்ல இருக்கறது இருக்கட்டுங்க ஐயா. ரெண்டு வருஷமா மாட்டியிருக்கறதைக் கழட்டிட்டுப் போங்க."