இசக்கி ஒப்பித்த அட்டை

கிட்ட வந்து உட்காருங்க. மெதுவாச் சொன்னாத்தான் இந்தக் கதை ருசிக்கும்.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ப் போய்ப் பிள்ளைகளுக்குக் கண் பார்க்கிறவர் தேவநேசம் டாக்டரம்மா. அவரிடம் தொழில் பழக வந்தார் மாடசாமி அண்ணாச்சி. தபால்காரராய் இருந்து ஓய்வு பெற்றவர். வயதில் சீடர்தான் மூத்தவர்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணாச்சி சலித்துக்கொண்டார்.

“இங்க ஒரு பிள்ளைக்கும் கண்ணுல குறையில்ல டாக்டரம்மா. வீணா வந்தோம்.”

டாக்டரம்மா வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டார். கரும்பலகையைப் பார்த்துத் தப்பாய் எழுதுகிற பிள்ளை உண்டா என்று கேட்டார்.

இருக்கிறாளே, இசக்கி. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். எழுதினால் எல்லாம் தப்பு. அடுத்த வருடமும் அவளுக்கு இதே வகுப்புதான் என்று டீச்சர் முடிவே பண்ணியாயிற்று.

“அவளா? கழுகுக் கண்ணுல்லா அவளுக்கு,” என்றார் அண்ணாச்சி.

“தண்ணி குடிச்சிட்டு வந்து, இன்னொரு தடவை பாருங்க அண்ணாச்சி.”

சுவரில் தொங்கியது சீப்புப் படம் போட்ட அட்டை. எல்லாம் ஒரே அளவுச் சீப்பு. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பிள்ளை சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி தண்ணீர் குடிக்கப் போன நேரம், டாக்டரம்மா அந்த அட்டையைக் கழற்றித் தலைகீழாய் மாட்டினார்.

அண்ணாச்சி திரும்பி வந்தார். இசக்கி முகத்தைப் பார்த்தபடியே குச்சியால் அட்டையைத் தட்டினார்.

“மேல, வலது, கீழ, இடது...” வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டாள் இசக்கி.

“சரி, சரி, சரி,” என்றார் அண்ணாச்சி.

ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள் சிரித்தார்கள்.

டாக்டரம்மா இசக்கிக்கு வெறும் மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்றை மாட்டி, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார். ஒரு வில்லையில் அவள் வாய் பிளந்தது.

“அய்யோ, மேலன்னு சொன்னது கீழல்லா பார்க்குது.”

“அப்போ முதல்ல எப்படிச் சொன்ன?”

“முன்னால நின்னவங்க சொன்னதைக் கேட்டுப் படிச்சேன். ஒப்பிக்கத்தானே கூப்பிட்டீங்க?”

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள், முழுசாய்ப் பார்த்துக் கண்ணாடி எழுதித் தருகிறேன், வகுப்பைப் பற்றி அப்புறம் முடிவு பண்ணலாம் என்றார் டாக்டரம்மா. டீச்சர் இசக்கியின் பையைத் தூக்கி முதல் பெஞ்சில் வைத்தார்.

“அதெல்லாம் சரி இசக்கி,” என்றார் டாக்டரம்மா. “நீ சொன்னதுக்கெல்லாம் ஒருத்தர் சரி சரின்னாரே. அவரை என்ன செய்யலாம்?”

இசக்கி யோசித்தாள். சட்டத்தைக் கழற்றினாள். எக்கி நின்று, அண்ணாச்சி மூக்கில் மாட்டிவிட்டாள்.