சிலும்பியும் புங்கம்பூக்களும்

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், தட்டையான பாறை ஒன்று இருந்தது. சாயங்காலமானால் காட்டின் இளசுகள் எல்லாம் அங்கே கூடிவிடும். ஒவ்வொருவராகப் பாறைமேல் ஏறி நிற்பார்கள். மற்றவர்கள் கீழே நின்று பார்ப்பார்கள்.

பாறையடியில் ஆளுக்கொரு குழி உண்டு. யாரைப் பிடித்திருக்கிறதோ, அவருடைய குழியில் ஒரு புங்கம்பூ போடலாம். போட்டது யார் என்று யாரும் கேட்பதில்லை.

மறுநாள் காலையில் ஆள்காட்டிக் குருவி அந்தப் பூக்களை எண்ணி, காடு முழுக்கக் கேட்கும்படி கத்தும். யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சேர்த்துக் கத்தும்.

அந்தக் காட்டில் சிலும்பி என்று ஒரு முள்ளம்பன்றிக் குட்டி இருந்தது. அதற்கு எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி வரும். எறும்பு எதற்கு வரிசையாகப் போகிறது? தவளையின் கண் எதற்கு மேலே இருக்கிறது? பாறையில் ஏறி நின்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் அதுவும் ஒருநாள் ஏறியது.

"சிலும்பிக்கு ஏழு பூ!" என்று காலையில் குருவி கத்தியது.

சிலும்பி துள்ளியது. ஏழு பேருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா!

"மான்குட்டிக்குத் தொண்ணூறு பூ!" என்று அடுத்தபடி குருவி கத்தியது.

சிலும்பியின் துள்ளல் நின்றுவிட்டது.

அன்றுதான் அது முதல்முறையாக ஓடைத் தண்ணீரில் தன் முதுகைப் பார்த்தது. அதுவரை மீன் பார்க்கத்தான் ஓடைக்குப் போகும். "எவ்வளவு முள்! எப்படித்தான் இத்தனை நாள் இப்படித் திரிந்தேனோ?" என்று முணுமுணுத்தது.

மறுநாள் குருவி கத்தியது: "சிலும்பியைப் பற்றி ஒருவர் சொன்னது! தோளில் இருக்கும் முள் மட்டும் இல்லையென்றால் அழகுதான்!"

சிலும்பி தோள் முட்களைப் பல்லால் கடித்துப் பிடுங்கியது. வலித்தது. ஆனால், காலையில் இருபது பூ!

"முதுகு முள்ளும் போனால் இன்னும் அழகு!" என்று அடுத்த சேதி வந்தது. முதுகுக்குப் பல் எட்டவில்லை. சிலும்பி கருவேல மரத்தில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து முட்களை உதிர்த்தது. தோல் கன்றிப்போனது. காலையில் நாற்பது பூ!

அதன் கூட்டாளி உடும்பு மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதது. அது வந்து கூப்பிட்டது.

"சிலும்பி, கிழங்கு தோண்டப் போகலாம், வா."

"குருவி கத்தட்டும். கேட்டுவிட்டு வருகிறேன்."

"நேற்றும் இதைத்தான் சொன்னாய். வயிறு ஒட்டிக் கிடக்கிறதே! முதுகெல்லாம் புண். பார்க்கவே சகிக்கவில்லை."

"உனக்கு என்ன தெரியும்? நாற்பது பேருக்குப் பிடித்திருக்கிறது!"

உடும்பு பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

அப்போது குருவி கத்தியது: "சிலும்பிக்கு ஒரு சேதி! வாலருகே இருக்கும் முள்ளும் போய்விட்டால் நூறு பூ நிச்சயம்!"

சிலும்பி வாலை நோக்கித் திரும்பியது. திரும்பியபடியே நின்றுவிட்டது. வெகுநாள் கழித்து அதற்கு ஒரு கேள்வி வந்தது.

"உடும்பு, பாறையில் நான் எல்லோருக்கும் முகத்தைக் காட்டித்தானே நிற்கிறேன்? என் வாலருகே இருக்கும் முள்ளால் இதைச் சொன்னவருக்கு என்ன தொல்லை?"

"குருவியையே கேளேன்."

கேட்டார்கள். "யார் சொன்னது என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றது குருவி. "புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். நான் அதைச் சத்தமாகச் சொல்வேன், அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் எல்லோரும் கலைந்த பிறகு, சிலும்பியும் உடும்பும் பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டன.

புதர் அசைந்தது. வெளியே வந்தது ஒரு நரி. வாய் நிறையப் புங்கம்பூ. சிலும்பியின் குழியில் கொட்டிவிட்டுப் போனது. மறுபடியும் வாய் நிறையக் கொண்டுவந்து கொட்டியது.

"இன்னும் ஒரே ஒரு வரிசை," என்று நரி நாக்கைச் சுழற்றியது. "அதையும் அவளே பிடுங்கிவிட்டால், அப்புறம் உரித்த பலாச்சுளைதான்!"

உடும்பு கோபத்தில் 'புஸ்' என்று சீறிவிட்டது. நரி சட்டென்று திரும்பியது.

"அடடே, அழகுப் பெண்ணா!" என்று குழைந்தபடி நெருங்கியது. "பயப்படாதே. உன் ரசிகன் நான். எங்கே, முகத்தைக் காட்டு, பார்க்கலாம்."

"முகத்தை எல்லோரும் பார்த்தாகிவிட்டது," என்றது சிலும்பி. "நீங்கள் இதைப் பாருங்கள்!"

சட்டென்று திரும்பி, மிச்சமிருந்த முட்களை விறைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே பாய்ந்தது. ஏழெட்டு முட்கள் நரியின் மூக்கில் ஏறின. நரி ஊளையிட்டுக்கொண்டே ஓடைக்கு அப்பால் ஓடி மறைந்தது.

அதற்குப் பிறகும் சிலும்பிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நரி வருவதற்கு முன்னால், முதல்நாள் விழுந்த அந்த ஏழு பூக்களைப் போட்டது யார்? காடெல்லாம் விசாரித்தது. சிலர் மறந்துபோயிருந்தார்கள். ஓடைக்கரை ஆமை மட்டும், "அதில் ஒன்று என்னுடையது," என்றது.

"எதற்குப் போட்டாய்?"

"நீ நடந்தால் முட்கள் சலசலவென்று உரசும். மழைதான் வந்துவிட்டது என்று நினைத்து நான் தலையை வெளியே நீட்டுவேன். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போதெல்லாம் கேட்பதே இல்லையே, ஏன்?"

சிலும்பி உடம்பை மெல்ல உதறிப் பார்த்தது. சத்தம் வரவில்லை.

மாதங்கள் போயின. புண்கள் ஆறின. முட்கள் ஒவ்வொன்றாக முளைத்து நீண்டன. ஒருநாள் ஆமை ஓட்டுக்குள்ளிருந்து ஆவலாகத் தலையை நீட்டியது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

நீதி: புகழ்கிறவர் யார், எதற்குப் புகழ்கிறார் என்று தெரியாமல், அந்தப் புகழுக்காக நம்மை நாமே சிதைத்துக்கொள்ளக் கூடாது.