பொன்னரங்கத்துக்குப் பதிலாக அழுதவன்

செங்காட்டூரில் கோணவாய்க்கால் தெரு என்று ஒன்று உண்டு. அறிவு அந்தப் பக்கமாகப் போனாலும் தெருமுனையிலேயே திரும்பிவிடும். அதனால் அங்கே இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

அந்த நிம்மதிக்கு நகராட்சி வேட்டு வைத்தது. வருசா வருசம் நடக்கிற கலைவிழாவுக்கு இந்தத் தடவை சுவரெல்லாம் நோட்டீஸ். "அனைத்தும் இலவசம்! ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள்!" அதற்குக் கீழே ஏரிக்கரையில் கோலாட்டம், பஸ் ஸ்டாண்டில் மரக்கால் ஆட்டம், பூங்காவில் பொம்மலாட்டம், நூலகத்தில் ஓவியக் கண்காட்சி. நாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு.

படித்ததும் பொன்னரங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உட்காராமல் என்ன செய்வான்? ஏரிக்கரையில் கோலாட்டம் ஆடப்போவது அவன் பெண்டாட்டி செண்பகவல்லி. அவளுக்கு அதுதான் முதல் மேடை. பழகிப் பழகி வீட்டில் ஒரு கரண்டி நேராக இல்லை.

"நீங்க முன்வரிசையில உக்காந்து கண்ணாரப் பாக்கணும். பாக்காம வந்தீங்க, இந்த வீட்டுல உங்களுக்கு ஒரு பருக்கை சோறு கிடையாது" என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். செண்பகம் சொன்னால் சொன்னதுதான். பொன்னரங்கத்துக்கும் அவள் ஆடுவதைப் பார்க்க ஆசை அடித்துக்கொண்டது. ஆனால் நகராட்சி பேச்சை மீற முடியுமா?

டீக்கடை பெஞ்சில் கூட்டாளிகளைக் கூட்டினான். வேலப்பன், மாணிக்கராசு, துரைக்கண்ணு மூவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணைத் தவறவிட்டா என்ன பண்ணுவாங்க?" என்றான் பொன்னரங்கம்.

"குழாயில தண்ணிய நிறுத்திருவாங்க" என்றான் துரைக்கண்ணு. "போன வருசம் நாம விழாவுக்கே போகல. சித்திரையில தண்ணி வந்துச்சா?"

வரவில்லைதான். எல்லோருக்கும் நாக்கு உலர்ந்தது.

மாணிக்கராசுதான் வழி சொன்னான். "நிகழ்ச்சி நாலு, நாமளும் நாலு பேரு. ஆளுக்கு ஒண்ணு பாப்போம். அப்புறம் சேர்ந்து பங்கு போட்டுக்குவோம்."

அடேயப்பா, என்ன மூளை! உடனே சீட்டுக் குலுக்கினார்கள். பொன்னரங்கத்துக்குப் பஸ் ஸ்டாண்டு விழுந்தது. ஏரிக்கரை வேலப்பனுக்குப் போனது.

"வேலப்பா, சீட்டை மாத்திக்குவோமா?" என்று பொன்னரங்கம் கெஞ்சினான்.

"சாமி குடுத்த சீட்டு அண்ணே. மாத்தினா தெய்வக்குத்தம். வேணும்னா சட்டைய மாத்திக்குவோம். உங்க சட்டையப் போட்டுக்கிட்டு உங்களுக்காக நான் பாத்துட்டு வர்றேன்."

பொன்னரங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆனா என்னை மாதிரியே பாக்கணும்டா. வாய் லேசாத் திறந்திருக்கணும். தலை இடப்பக்கம் சாஞ்சிருக்கணும். அவ குனிஞ்சு நிமிரும்போது எனக்கு அழுகை வந்துரும்."

"எவ்வளவு அண்ணே அழணும்?"

"தாராளமா அழு. எல்லாம் இலவசம்தானே."

ஞாயிற்றுக்கிழமை பொன்னரங்கம் வேலப்பனின் சட்டையில் பஸ் ஸ்டாண்டில் நின்றான். மரக்காலில் ஏறி ஆடியவர்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மனசு முழுக்க ஏரிக்கரையில் கிடந்தது. நடுவில் திடீரென்று தொண்டையை அடைத்தது. 'ஆகா, வேலப்பன் அழ ஆரம்பிச்சுட்டான்' என்று அவனுக்கு ஒரே பூரிப்பு.

ஏரிக்கரையில் வேலப்பன் வஞ்சனை இல்லாமல்தான் அழுதானாம். பக்கத்தில் இருந்தவர்கள் பதறிப்போய் விசிறினார்கள். ஒரு புண்ணியவான் சோடா வாங்கிக் கொடுத்தார். "என்னப்பா ஆச்சு உனக்கு?" என்று கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. பொன்னரங்கம் அண்ணனுக்குச் சந்தோசம் தாங்கல" என்று சொல்லி இன்னொரு தடவை ஓவென்று அழுதானாம்.

விழா முடிந்து நாலு பேரும் பொன்னரங்கம் வீட்டு வாசலில் பங்கு போடக் கூடினார்கள். அங்கே ஒரு சிக்கல் வந்தது.

"எல்லாம் ஒரே நேரத்துல நடந்துச்சு. ஒண்ணு ஒண்ணா சொன்னா பொய்யாயிடுமே" என்றான் துரைக்கண்ணு.

நியாயம்தானே? ஆகவே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். பொன்னரங்கம் இரண்டு முக்காலிகள் மேல் முக்காலிக்கு ஒரு காலாக ஏறி ஆடினான். மாணிக்கராசு கையும் காலும் தொங்கத் தொங்கப் பொம்மையாகக் குதித்தான். வேலப்பன் விறகுக் குச்சிகளைத் தட்டினான். துரைக்கண்ணு ஓவியம், சுவரில் சாய்ந்து அசையாமல் நின்றான். அவரவர் வேலையில் மும்முரமாக இருந்ததால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்றையும் தவறவிடவில்லை என்று நாலு பேருக்கும் பரம திருப்தி.

அப்போதுதான் செண்பகவல்லி வந்தாள். கோல் இன்னும் கையிலேயே இருந்தது. பொன்னரங்கம் முக்காலியிலிருந்து விழுந்தே இறங்கினான்.

"ஏன் வரல?"

"வந்தேனே செண்பகம்!"

"உங்க சட்டைதான் வந்துச்சு. உள்ள இருந்தது வேலப்பன் தம்பி."

"ஆள் அவன்தான். ஆனா அழுதது நான். விக்கி விக்கி அழுதேன், கேட்டுப் பாரு."

செண்பகவல்லி யோசித்தாள். எந்த ஊரில் பிறந்தவளோ, அந்தத் தெருத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்து எத்தனையோ வருசமாகிவிட்டது. மெல்ல மெல்ல அவள் முகம் மலர்ந்தது.

"ஆமா, நல்லாத்தான் அழுதீங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, சாப்பிட வாங்க."

பொன்னரங்கம் ஓடிப்போய் இலை முன்னால் உட்காரப் போனான். அவள் கோலை நீட்டித் தடுத்தாள்.

"பாத்த ஆளுக்குத்தான் சோறு."

வேலப்பன் உட்கார்ந்தான். சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் இலையில் விழுந்தன. அவன் பரக்கப் பரக்கச் சாப்பிட்டான். பக்கத்தில் நின்ற பொன்னரங்கத்தைப் பார்த்து, "ஏங்க, இன்னும் ஒரு கரண்டி போடவா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"வேண்டாம்மா, வயிறு திம்முனு இருக்கு."

அவள் பாத்திரத்தை மூடினாள். வேலப்பனின் கை பாதி வழியில் நின்றது.

"அண்ணி, எனக்கு இன்னும் பசிக்குதே!"

"உங்க பசிக்கு உங்க வீட்டுக்குப் போங்க தம்பி. இங்க சாப்பிட்டது அவரு."

வேலப்பனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கையைக் கழுவிக்கொண்டு, இன்னும் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லையே என்று தன் வீட்டுக்கு ஓடினான்.

பொன்னரங்கம் வேட்டியைத் தளர்த்திவிட்டுக்கொண்டு பாயில் சாய்ந்தான். நீளமாக ஓர் ஏப்பம் விட்டான்.

"எல்லாம் பிரமாதம் செண்பகம்" என்றான். "குழம்புல உப்பு மட்டும் ஒரு கல்லு கூட."