ஏரியைத் துழாவின அகப்பை

அந்தக் காலத்துல, கொக்கு குருவியெல்லாம் நம்மளை மாதிரியே வாய் ஓயாம பேசிக்கிட்டிருந்தப்போ, ஒரு ஏரியில கொண்டையன்னு ஒரு வெள்ளைப் பறவை இருந்துச்சு. தலையில கொண்டை, முன்னால ஊசி மாதிரி மூக்கு. அதுக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை, அடுத்தவங்க குரல்ல பேசிக் காட்டுறது. தவளைகிட்டப் போய்ப் பாம்பு மாதிரி சீறும். நாரைகிட்டப் போய் அதோட மாமியா மாதிரி இருமும். நாரை பாவம், பிடிச்ச மீனை மறைக்க எடம் தேடும்.

கரைமேல ஒரு குடிசை. அதுல காத்தாயியும் அவ புருசன் எத்திராசும் இருந்தாங்க. கொண்டையன் கூரைமேல ஏறி உக்காந்துகிட்டு எத்திராசோட மூக்குப் பேச்சை அப்படியே எடுத்துவிடும். "காத்தாயீ... வெந்நி காஞ்சுதா?"

காத்தாயி ஓடிப்போய் அடுப்பை ஊதுவா. ஊதி ஊதிக் கண்ணு செவந்தப்புறம்தான் தெரியும், புருசன் இன்னும் வயல்லருந்தே வரலைன்னு.

"அடே கொண்டையா! உன் வாயில வசம்பை வெச்சுத் தேய்க்க!"

"தேய்க்கலாம் தேய்க்கலாம், வெந்நி காஞ்சுதா?"ன்னு கேட்டுட்டுப் பறந்துடும்.

காத்தாயி வீட்டுல ஒரு சாமானும் தன் வேலையைச் செஞ்சது கெடையாது. உலக்கைதான் கதவுக்குத் தாழ்ப்பா. அம்மிக் குழவி கோழிக்கூடைமேல பாரம். முறம் மழைக்குக் குடை, வெயிலுக்கு விசிறி, சண்டை வந்தா எத்திராசுக்குக் கேடயம். "என்னாடி இது கூத்து?"ன்னு யாராச்சும் கேட்டா, "சாமானுக்குத் தெரியுமா அது என்னா சாமான்னு?"ம்பா.

ஒரு வருசம் மழை ஏமாத்திடுச்சு. ஏரி வத்தி, முழங்காலளவு தண்ணிதான். அதுவும் குழம்பு மாதிரி கலங்கிக் கெடக்குது. மீனெல்லாம் உள்ளதான் இருக்கு. ஆனா கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே குத்திப் பிடிக்க முடியும்? கருவேல மரத்துல கொண்டையனோட மூணு குஞ்சும் வாயைப் பொளந்துகிட்டுக் கெடந்துதுங்க. கடைக்குட்டி கத்துறதையே விட்டுடுச்சு. அதைப் பாத்ததும் கொண்டையன் குடிசைக்குப் பறந்துச்சு.

காத்தாயி வாசல்ல வந்து நின்னுச்சு. அன்னைக்கு அதோட சொந்தக் குரல்தான்.

"அக்கா, ஒரு வாய் கூழு இருந்தா ஊத்தேன். குஞ்சுங்க பட்டினி."

காத்தாயி சட்டியைக் கவுத்துக் காட்டினா. "சட்டியில இருந்தாத்தானேடா அகப்பையில வரும்?"

கொண்டையன் சட்டியைப் பாத்துச்சு. திரும்பி ஏரியைப் பாத்துச்சு. "அக்கா, அதோ அம்மாம் பெரிய சட்டி. உள்ள மீனும் இருக்கு. அகப்பைதானே இல்ல?"

காத்தாயிக்குச் சிரிப்பு தாங்கல. "போடா, பழமொழிய வெச்சே பொழைக்கப் பாக்குறியே!"

அப்போல்லாம் அகப்பைன்னா மரத்துலதான். அவகிட்ட ரெண்டு இருந்துச்சு, ரெண்டும் தேஞ்சு தட்டையாப் போனது. காம்பெல்லாம் அடுப்புக் கரி, நுனியில குழம்பு மஞ்சள். கிண்ட ஒண்ணும் இல்லாததால ஒண்ணால எத்திராசுக்கு முதுகு சொறிஞ்சுகிட்டிருந்தா, இன்னொண்ணால காக்கா வெரட்டிகிட்டிருந்தா.

"உனக்குக் கை ஏதுடா, அகப்பை பிடிக்க?"

"மூக்கு இருக்கே அக்கா."

அவளுக்கு அது போதும். வேலம்பிசினைக் காய்ச்சினா. மேல் மூக்குல ஒண்ணு, கீழ் மூக்குல ஒண்ணு ஒட்டினா. "வாயை மூடிகிட்டு இரு. காயணும்."

"சரிக்கா"ன்னுச்சு. ரெண்டும் கீழ விழுந்துச்சு.

மறுபடியும் ஒட்டினா. "மூடுறா!"

"மூடிட்டேன்"ன்னுச்சு. மறுபடியும் விழுந்துச்சு.

அப்புறம் ஒட்டி, வாழைநாரால கட்டி, காயுற வரைக்கும் கட்டை அவிழ்க்கவே இல்ல. "நல்லாக் கேட்டுக்கோ. பொழுது சாயறதுக்குள்ள வந்துடு. வெந்நி ஊத்திக் கழட்டி விடறேன். இருட்டிடுச்சுன்னா எலும்போட எலும்பா இறுகிடும். அப்புறம் உனக்குப் பேச்சே வராது."

கொண்டையன் தலையாட்டிட்டுப் போச்சு. முதல்ல பழக்கதோசத்துல குத்திப் பாத்துச்சு. அகப்பையால குத்தினா சேறுதான் மூஞ்சியில அடிக்கும், அடிச்சுது. அப்புறம்தான் காத்தாயி கூழு கிண்டுறது ஞாபகம் வந்துச்சு. வாயைக் கொஞ்சமாத் தொறந்து தண்ணியில விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிகிட்டே நடந்துச்சு. உள்ள என்னவோ துள்ளுச்சு. டக்குனு மூடுச்சு. மீன்!

பெரிய குஞ்சு தின்னுச்சு. ரொம்ப நேரம் துழாவினதுல நடுக் குஞ்சுக்கும் கெடச்சுது. அதுக்குள்ள சூரியன் பனைமரத்துக்குக் கீழ எறங்கிட்டான். குடிசைக் கூரைமேல புகை. காத்தாயி கரையில நின்னு கத்துறா:

"கொண்டையா! வெந்நி காஞ்சுடுச்சுடா! வாடா!"

எத்தனை தடவை அவளை ஏமாத்தின வெந்நி! அது அன்னைக்கு நெசமாவே காஞ்சு நிக்குது. கொண்டையன் புகையைப் பாத்துச்சு. எத்திராசோட மூக்குப் பேச்சு, மாமியா நாரை இருமல், பாம்புச் சீறல் எல்லாம் தொண்டையில வந்து வரிசைகட்டி நின்னுச்சு. மரத்தைப் பாத்துச்சு. கடைக்குட்டியோட தலை கூட்டு விளிம்புல தொங்கிகிட்டிருந்துச்சு.

மூக்கைத் தண்ணிக்குள்ள விட்டுச்சு. துழாவுச்சு. துழாவிகிட்டே இருந்துச்சு.

மீன் கெடச்சப்போ நல்லா இருட்டிப் போச்சு. கடைக்குட்டி அதை முழுங்கிட்டு 'கீ'ன்னு ஒரு கத்து கத்துச்சு. பதில் சொல்ல அப்பன் கொண்டையனுக்குத்தான் பேச்சு வரல.

விடிஞ்சதும் கொண்டையன் காத்தாயி வாசல்ல வந்து நின்னுச்சு.

"எங்கடா போனே? வெந்நி ஆறியே போச்சு."

"டக் டக்."

அவ அகப்பையைப் பிடிச்சு இழுத்தா. அகப்பையோட பறவையும் சேந்து வந்துச்சு. இழுத்த கையை விட்டா. "சரி, வெச்சுக்கோ. உனக்குத்தான் பொருத்தமா இருக்கு"ன்னா.

அப்புறம் மழை வந்துச்சு, கேழ்வரகும் வந்துச்சு, சட்டியில கூழு கொதிச்சுது. கிண்ட அகப்பை இல்ல. காத்தாயி தேடிப் பாத்தா, ஒரு கொட்டாங்கச்சி கெடந்துச்சு. மூங்கில் குச்சியைச் செருகினா. வேலை முடிஞ்சுது. கொட்டாங்கச்சி அகப்பை வந்த கதை அவ்வளவுதான்.

அவ அதைக் கிண்டிகிட்டிருந்தப்போ வெளியில ஒரு குரல்: "காத்தாயீ... வெந்நி காஞ்சுதா?"

"அடே கொண்டையா! பேச்சு வந்துடுச்சா உனக்கு!"ன்னு அகப்பையோட ஓடியாந்தா. வெளியில எத்திராசு திருதிருன்னு முழிச்சுகிட்டு நிக்கிறான்.

"யோவ், நீதானா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அகப்பை ஒட்டின அன்னைக்கிலேருந்துதான் கொண்டையன் கரண்டிவாயன்னு பேர் வாங்கி, மூக்குல அடுப்புக் கரியும் நுனியில குழம்பு மஞ்சளுமா, ஒரு வார்த்தை பேசாம ஏரி ஏரியாத் துழாவிகிட்டுத் திரியுது. சட்டியில இருக்குன்னு அதுக்குத் தெரியும்.