இரண்டாம் பந்தி

மடத்தில் பந்தி விசாரிக்கும் ஆவுடையப்பனுக்குப் பிறவியிலேயே தலசீமியா. உடம்பில் நல்ல ரத்தம் ஊறாது. மாதாமாதம் பிறர் தந்த ரத்தத்தை ஏற்றித்தான் முப்பத்தாறு வயதைத் தொட்டிருந்தார். ஏற்றிய ரத்தத்தின் இரும்புச்சத்து தானாக வெளியேறாது. அதை வெளியேற்றத் தினமும் ஒரு மாத்திரை உண்டு. அதை அவர் நிறுத்திவிட்டார். இரும்பு இதயத்தில் படிய ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

செய்தி குருவுக்குப் போயிற்று. குரு மங்கையர்க்கரசி வயதில் இளையவர். சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன் அண்ணாச்சி நிறுத்துனீங்க?”

“முகம் தெரியாத யாரோ குடுத்த ரத்தம்மா. அதுல இருந்த இரும்பை இந்த மாத்திரை மலத்தோட தள்ளுது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா?”

கேட்க அழகான பேச்சு. அழகான பேச்சால்தான் பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள். குரு மறுத்துப் பேசவில்லை.

“சரி. இன்னைக்குப் பந்தியில இலை எடுக்க வேண்டாம்.”

“ஏம்மா?”

“அன்னம் இட்ட இலை. தூக்கி எறியலாமா?”

குருவே தம் கட்சிக்கு வந்துவிட்டதாக ஆவுடையப்பனுக்கு ஒரே மகிழ்ச்சி.

முதல் பந்தி முடிந்து எல்லாரும் எழுந்து போனார்கள். முருங்கைச் சக்கையும் மோருமாக இலைகள் அப்படியே கிடந்தன. இரண்டாம் பந்திக்கு வந்தவர்கள் வாசலிலேயே தயங்கி நின்றார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி கேட்டாள்.

“ஏய்யா, சோறு தீந்துட்டா?”

“அண்டா நிறைய இருக்கும்மா.”

“பொறவு நாங்க எங்க உக்கார?”

பிள்ளை அழ ஆரம்பித்தது. ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைகளைச் சுருட்டி வாரிக் கூடையில் போட்டார். தரையைத் துடைத்தார்.

குரு வந்து நின்றார்.

“எடுக்க வேண்டாம்னு சொன்னேனே அண்ணாச்சி. சோறு போட்டவங்களுக்கு இது ரெண்டகம் இல்லையா?”

“என்னம்மா பேச்சு இது! சோறு வயித்துக்குள்ள போயாச்சு. இது எச்சி இலை. இதைக் கட்டிக்கிட்டு அழுதா வாரவங்க பட்டினி கிடக்க வேண்டியதுதான்.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். குருவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அடுத்த வாரம் உங்களுக்கு ரத்தம் ஏத்தணும். குடுக்கிறவரு வந்து நிப்பாரு. அவருக்கு எங்க அண்ணாச்சி இலை போடுவீங்க?”